பக்கத்தில் இன்னொரு குழாய்

என் மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் உடம்பு எந்நேரமும் சுடுகிறது என்று எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. தொட்டுப் பார்ப்பேன், சுடும். சற்றுப் பொறுத்துத் தொடுவேன், முன்னைவிடச் சுடுவது போலிருக்கும். மாமியாரிடம் சொன்னால், "புள்ளைன்னா வெதுவெதுன்னுதான் இருக்கும். நீ தொட்டுத் தொட்டே அதைச் சீக்காளி ஆக்கிப்போடுவே" என்பார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம் என்று தோன்றும். இல்லாமலும் இருக்கலாமே என்று உடனே தோன்றும். கடைசியில் என் வீட்டுக்காரரைக் கெஞ்சி, வெண்ணந்தூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ராசிபுரத்துக்குப் போய், அங்கே புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவிடம் குழந்தையைக் காட்டினேன்.

அவர் ஒரு கையைக் குழந்தையின் நெற்றியில் வைத்தார். மற்றக் கையை என் நெற்றியில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார்.

"குழந்தைக்கு ஒண்ணும் இல்லைம்மா. உங்க கைதான் கெணத்துத் தண்ணியாட்டம் ஜில்லுனு இருக்கு. இந்தக் கையால தொட்டா எதுவும் சுடத்தான் செய்யும்."

சொன்னதோடு அவர் விடவில்லை. தெர்மாமீட்டரைக் குழந்தையின் அக்குளில் வைத்துப் பார்த்தார். கழுவித் துடைத்து என் வாயிலும் வைத்துப் பார்த்தார். "நான் சொன்னது சரிதானான்னு பார்த்துக்கிறேன்" என்றார். ஒரு டாக்டர் இப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. பின்னாலும் கேட்டதில்லை.

அவர் பெயரை எழுதவில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். குள்ளமான உருவம், கறுத்த நிறம், ஆண்கள் பிடிக்கிற பெரிய குடை. தம்மம்பட்டிப் பக்கத்துக்காரர் என்பதால் பேச்சில் எங்கள் ஊர் 'ங்க' குறைவாகத்தான் வரும். அதனால் முதலில் கேட்பவர்களுக்கு, மரியாதை தெரியாத பெண் என்று தோன்றும். எதையும் அவர் தனியாகப் பார்க்கமாட்டார். சேலை எடுத்தால் பக்கத்தில் இன்னொரு சேலையை விரித்து வைத்து வெயிலில் கொண்டுபோய்ப் பார்ப்பார். பஸ் ஏறினால் டிரைவரிடம் மணி கேட்பார், கண்டக்டரிடமும் கேட்பார், பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "ஒண்ணை மட்டும் பார்த்தா ஒண்ணும் தெரியாது. பக்கத்துல இன்னொண்ணு வேணும்" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை. கடைக்காரர்கள் அவர் தலையைக் கண்டாலே பெருமூச்சு விடுவார்கள்.

நானும் எதையும் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கிறவள்தான். ஆனால் என் சந்தேகம் என்னைச் சோறு தின்ன விடாது. அவர் சந்தேகம் அவரை எழுந்து போய்ப் பார்க்க வைத்தது.

அது யுத்த காலம். அவர் குடியிருந்த வீட்டில் சமையலறையைவிடப் பெரிய அறை ஒன்றை ரத்தம் பார்க்க ஒதுக்கியிருந்தார். சீமையிலிருந்து வரும் மருந்துப் பொடிகள் யுத்தத்தால் வருவது நின்றுபோயிருந்தது. அதனால் அவர் கொள்ளுப் பயற்றை ஊறவைத்து அரைத்து வடிகட்டிய தண்ணீரைப் பயன்படுத்தினார். நம் குண்டிக்காய், அதாவது சிறுநீரகம், ஒழுங்காக வேலை செய்தால் மூத்திரத்தோடு வெளியே போய்விட வேண்டிய யூரியா என்ற கழிவு, அது பழுதானால் ரத்தத்திலேயே தங்கிவிடுமாம். கொள்ளுத் தண்ணீரை அந்த ரத்தத்தில் கலந்தால் அந்தக் கழிவு நவச்சார நெடியாகக் கிளம்பும். அந்த ஆவியை அமிலத்தில் பிடித்து, நிறம் மாறுவதைக் கொண்டு அளப்பார். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். கொள்ளுக்கு இப்படி ஒரு சக்தி உண்டு என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் அதை மாட்டுக்கு வேகவைப்போம், எங்களுக்கு ரசம் வைப்போம்.

நோயாளியின் ரத்தம் ஒரு கண்ணாடிக் குழாயில் இருக்கும். பக்கத்துக் குழாயில் டாக்டரம்மாவின் ரத்தம் இருக்கும். ஒவ்வொரு தடவையும் தன் கையில் தானே குத்தி எடுத்துக்கொள்வார். மூன்றாவது குழாயில் ரத்தமே இல்லாமல் வெறும் கொள்ளுத் தண்ணீர் இருக்கும். "கொள்ளு பொய் சொல்லுதான்னு தெரியணும் இல்லையா?" என்பார். அவருடைய இடது முழங்கை மடிப்பில் புள்ளிப் புள்ளியாகத் தழும்பு இருக்கும். அதைப் பார்த்தவர்கள், இந்தம்மாவுக்கே ஏதோ பெரிய சீக்கு என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் எங்கள் கடலைக்காய்க் களத்துக்கே வந்து நின்றார். என் மாமனார் மூட்டை தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். இளவட்டங்கள் இரண்டு பேர் பிடிக்கிற மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குவார். தூக்கிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பார்.

"ஏனுங்க டாக்டரம்மா, இங்க யாருக்கும் சீக்கு இல்லீங்களே" என்றார் மாமா.

"அதனாலதான் வந்தேன். சீக்கு இல்லாத பெரியவங்க ரத்தம் கொஞ்சம் வேணும்."

களத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "சீக்காளிக்கு மருந்து குடுக்கறதை உட்டுப்போட்டு, நல்லா இருக்கறவனைக் குத்த வந்திருக்குது பாரு" என்றார் ஒருவர். "சண்டைக்கு அனுப்பறாங்களாமா. சிப்பாய்களுக்கு ஊத்தறதுக்கு" என்றார் இன்னொருவர்.

டாக்டரம்மா குடையை மடக்கிக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். "புஸ்தகத்துல ஒரு அளவு போட்டிருக்கு. அது தினம் கறி தின்கிற வெள்ளைக்காரங்களைப் பார்த்துப் போட்ட அளவு. கம்பும் களியும் தின்கிறவங்களுக்கு என்ன அளவுன்னு யாரும் பார்க்கலை. என் ரத்தத்தை வச்சுப் பார்க்கலாம்னா எனக்கு வயசு பத்தாது. பெரியவங்களுக்குப் பக்கத்துல பெரியவங்களைத்தான் வைக்கணும். இந்த ஊர்ல நல்லா இருக்கிற பெரியவர் யாருன்னு கேட்டேன். எல்லாரும் உங்களைத்தான் கை காட்டினாங்க."

அது போதுமாயிருந்தது மாமாவுக்கு. கையை நீட்டிவிட்டார். "எடுங்க. எத்தனை வேணும்? அரைப்படியா, ஒரு படியா?"

"ஒரு சின்னக் கரண்டி போதும்."

"அவ்வளவுதானா! எங்கூட்டுக் கொசு அதுக்கு மேல குடிச்சுப்போடுது."

மாமா கொடுத்ததைப் பார்த்து இன்னும் சில பெரியவர்கள் கொடுத்தார்கள். டாக்டரம்மா குழாய்களைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

சில நாள் கழித்து, நல்ல வெயிலில், எங்கள் வீட்டு வாசலில் அந்தக் குடை வந்து நின்றது. அவர் முகத்தைப் பார்த்ததும் என் கை ஜில்லிட்டுவிட்டது. மாமா சோறு தின்றுகொண்டிருந்தார். டாக்டரம்மா அவர் முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு அவர் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்தின இடம் பள்ளமாகவே சற்று நேரம் இருந்தது.

"ராத்திரி மூத்திரத்துக்கு எந்திரிக்கிறீங்களா?"

மாமியார் முந்திக்கொண்டு, "வயசானா எந்திரிக்காம இருப்பாங்களாங்க?" என்றார்.

மாமாவின் மூத்திரத்தை ஒரு குழாயில் வாங்கி, எங்கள் அடுப்பிலேயே சூடு காட்டினார். தெளிவாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, முட்டையின் வெள்ளைக்கரு வெந்தது போல் மிதந்தது. என் வீட்டுக்காரரை அருகில் கூப்பிட்டு அதைக் காட்டினார்.

"குண்டிக்காய் கெட்டாத்தான் மூத்திரம் இப்படித் திரியும். ரத்தத்துல இருக்கிற அளவு புஸ்தகப்படி பார்த்தா சரிதான். ஆனா அன்னைக்கு ரத்தம் குடுத்த மத்தப் பெரியவங்க பக்கத்துல வச்சுப் பார்த்தா, இவருக்கு மட்டும் தூக்கலா இருக்கு. கொள்ளு புளிச்சிருக்குமோன்னு புதுக் கொள்ளு அரைச்சு மறுபடியும் பார்த்தேன். அப்பவும் அப்படித்தான்."

புத்தகத்தின்படி என் மாமனார் நன்றாக இருந்தார். வெண்ணந்தூரின்படி இல்லை. வேறு எந்த டாக்டராக இருந்தாலும் புத்தகத்தை மூடிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பார். வலி என்று ஒருநாளும் முனகாத ஒருவருக்குள் இருந்த குறையை, அவரையே அளவுகோலாக வைக்கப்போய், இவர் கண்டுபிடித்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

உப்பைக் குறைக்க வேண்டும், கறி வேண்டாம், பருப்பும் கொஞ்சமாகத்தான், கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் படித்தவள் என்று என்னிடம்தான் சொன்னார். ஆனால் எங்கள் வீட்டு அடுப்பு மாமியாருடையது.

டாக்டரம்மா தெருமுனை தாண்டியதும் மாமியார் என்னிடம் கேட்டார். "ஏஞ்சாமி, எது கெட்டிருக்குதுங்கறாங்க?"

"குண்டிக்காய் பலவீனமா இருக்குதாமுங்க அத்தை."

"அவ்வளவுதானே!" என்றார். மறுநாள் காலையிலேயே ஆட்டுக் குண்டிக்காய் வந்து இறங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஈரல் கெட்டால் ஈரல், எலும்பு தேய்ந்தால் எலும்புச் சாறு. பலவீனமான உறுப்புக்கு அதே உறுப்பைக் கொடுத்தால் பலம் ஏறும் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. நான் சொல்லிப் பார்த்தேன். "டாக்டரம்மா கறியே வேண்டாம்னாங்க அத்தை."

"கறிதானே வேண்டாம்னாங்க? நா என்ன கறியா ஆக்கறேன்? இது மருந்து. மிளகு போட்டு நல்லெண்ணெயில வதக்கிக் குடுத்தா, எண்ணி எட்டே நாள்ல தெம்பு வந்துரும்."

இத்தனை உறுதியாக ஒருவர் பேசினால் நான் சொன்னதுதான் தப்போ என்று எனக்குத் தோன்றிவிடும். யுத்தத்தில் எல்லாப் பண்டமும் விலை ஏறிக்கிடந்த நேரத்தில் மாமாவுக்குத் தினமும் குண்டிக்காய் வறுவல் கிடைத்தது. "சீக்கு வந்ததும் நல்லதாத்தான் போச்சு" என்று அவர் விரலைச் சூப்பினார்.

இரண்டாம் முறை ரத்தம் எடுத்துப்போன பிறகு, முடிவு கேட்டுவர என் வீட்டுக்காரர் சைக்கிளில் ராசிபுரம் போனார். திரும்பி வந்தவர் வண்டியைச் சுவரில் சாய்க்கும்போதே, "நெறைய ஏறிப்போச்சாமா" என்றார். அதோடு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். 'ஆனா நான் அதை நம்பலை, நானே வந்து பார்க்கிறேன், அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க' என்று டாக்டரம்மா சொன்ன மீதி, நாங்கள் கேட்டுக் கேட்டு, வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் மாமா கயிற்றுக் கட்டிலில் போய்ப் படுத்துவிட்டார்.

காலையில் ஏர் ஓட்டியவர் அவர். உடம்பில் புதிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. ஒரு வார்த்தை காதில் விழுந்தது, அவ்வளவுதான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். உழவு மாடுகளை என் வீட்டுக்காரர் கையில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். கஞ்சியை வேண்டாம் என்று தள்ளினார். கொண்டப்பநாயக்கன்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்த என் நாத்தனாருக்குச் செய்தி போய், அவர் பஸ்ஸை விட்டு இறங்கின இடத்திலிருந்தே அழுதுகொண்டு வந்தார். ஊரில் வேறொரு பேச்சும் கிளம்பியது. "அந்தம்மாவுக்கு ரத்தம் குடுத்தாரு, படுத்துட்டாரு. இனி அது இந்தப் பக்கம் வரட்டும், பாத்துக்கறோம்."

டாக்டரம்மா வந்தார். வீடு நிறைய உறவுக்காரர்களைப் பார்த்துவிட்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினார்.

"எங்கப்பனைப் படுக்கப் போட்டதே நீங்கதானுங்களே" என்று நாத்தனார் கத்தினார். "எருதாட்டம் இருந்த மனுசன்! ஊசியைக் குத்தி உறிஞ்சிப்போட்டு இப்ப வந்து கேக்கறீங்களா?"

டாக்டரம்மா பெட்டியைக் கீழே வைத்தார். கட்டிலருகே தரையில் உட்கார்ந்து மாமாவின் கணுக்காலை அழுத்தினார், கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். அவர் பார்த்தது எதுவும் ரத்தத்தில் ஏறியிருந்த அந்த அளவோடு ஒத்துப்போகவில்லை போலிருக்கிறது. தலையை ஆட்டிக்கொண்டே என் மாமியாரிடம் திரும்பினார்.

"இவ்வளவு நாளா என்ன குடுத்தீங்க?"

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெருமையோடு சொன்னார். "ஒரு குறையும் வைக்கலீங்க. தெனமும் ஆட்டுக் குண்டிக்காய். ஒரு நாள்கூட உடலீங்க."

டாக்டரம்மா மாமியாரை நிமிர்ந்து பார்த்தார். அவர் மாமியாரைத் திட்டப்போகிறார் என்று நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்போ நான் பார்த்தது இவரோட குண்டிக்காய் சங்கதியா, அந்த ஆட்டோட சங்கதியான்னு எனக்கே தெரியலையே!" என்றார். "அம்மா, கறி தின்னா இந்தக் கழிவு யாருக்கும் ஏறும். தினம் தின்னா நல்லா ஏறும். என்ன சாப்பிட்டார்னு கேட்டுட்டு ரத்தம் எடுத்திருக்கணும். கேட்காம எடுத்தது என் தப்பு."

நாத்தனாரின் அழுகை சட்டென்று நின்றது. டாக்டர் ஒருவர் எல்லார் முன்னாலும் என் தப்பு என்று சொன்னால் அதன்பிறகு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுபடியும் பார்க்க வேண்டும், அதுவரைக்கும் கஞ்சியும் காயும் மட்டும்தான், அதையும் இந்தப் பெண்தான் ஆக்க வேண்டும் என்று என்னைக் காட்டினார். மாமியார் முகம் சுண்டினாலும் அன்று மறுக்கவில்லை. நான் உப்பில்லாமல் கம்பங்கஞ்சி காய்ச்சினேன். காய்ச்சி இறக்கிவிட்டு, ஞாபகமறதியாக உப்பைப் போட்டுவிட்டேனோ என்று ஒவ்வொரு வேளையும் நக்கிப் பார்த்தேன். மாமா இரண்டு வாய் குடிப்பார், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். எனக்கு அவருடைய குண்டிக்காயைவிட இதுதான் பயமாயிருந்தது. சீக்கு எத்தனை நாளில் ஆளைக் கொல்லுமோ தெரியாது. இப்படியே படுத்திருந்தால் அவர் அதற்கெல்லாம் காத்திருக்கப்போவதில்லை.

மூன்றாம் முறை எடுத்த ரத்தத்தின் முடிவை யாரிடமும் சொல்லியனுப்பாமல் டாக்டரம்மாவே கொண்டுவந்தார். எல்லாரையும் விலக்கிவிட்டு மாமாவிடமே நேராகச் சொன்னார்.

"மொதல்ல பார்த்த அதே அளவுதான் இருக்கு. ஏறலை. குறை இருக்கறது நெசம், இல்லைன்னு சொல்ல மாட்டேன். அது போகாது. ஆனா பாதுகாத்துக்கலாம்."

மாமா சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னும் எத்தனை நாளைக்குங்க?" என்றார்.

"தெரியாது."

"டாக்டருக்கே தெரியாதா?" என்று மாமியார் வாசற்படியிலிருந்து கேட்டார்.

"தெரியாதுங்க. தெரிஞ்ச மாதிரி யாராவது சொன்னா நம்பாதீங்க."

டாக்டரம்மா எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத்தான் இப்போ கஷ்டம். நல்லா இருக்கிற பெரியவர்னு உங்களை வச்சிருந்தேன். இனி உங்களை அந்த எடத்துல வைக்க முடியாது. வேற ஆள் வேணும். நீங்க படுத்ததைப் பார்த்துட்டு ஒருத்தரும் கையை நீட்ட மாட்டேங்கிறாங்க. இந்த ஊர்ல உங்களுக்கு அடுத்தபடியா திடமான ஆள் யாரு?"

மாமா தலையை மட்டும் திருப்பினார். "எனக்கு அடுத்தபடியாவா?"

"ஆமா."

"மேக்கால தோட்டத்துல செங்கோடன்னு ஒருத்தன் இருக்கறான். என்ற வயசுதான். சின்னப் புள்ளையில இருந்தே எனக்குப் போட்டி. இன்னமும் பனை ஏறிட்டு இருக்கறான்."

"அவர்கிட்ட நேத்தே போனேன். ரத்தம் குடுத்தா உங்களை மாதிரி படுக்க வேண்டியதுதான்னு சொல்லி வெரட்டிட்டார்."

"அப்படியா சொன்னான்?"

"ஊரே கேட்கிற மாதிரி சொன்னார். அந்த ஆளுக்கு வெறும் மூட்டை தூக்கற பலம்தான், நெஞ்சுல பலம் இல்லைன்னும் சொன்னார்."

மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"என்னோட துண்டு, அந்தச் செவப்புக் கரை போட்டது, அதை எடு" என்று மாமியாரிடம் சொன்னார். "வாங்க போலாம், டாக்டரம்மா. நா அவன் கையைப் பிடிச்சுக்கறேன், நீங்க குத்துங்க. அவன் எப்படிக் குடுக்காம போறான்னு பாக்கறேன்."

"மெதுவா நடக்கணும்" என்றார் டாக்டரம்மா.

"அதெல்லாம் எனக்குத் தெரியுமுங்க."

வாசலில் இறங்கியதும் தள்ளாடினார். என் வீட்டுக்காரர் பிடிக்க ஓடினார். மாமா கையை உதறினார். டாக்டரம்மா தன் குடையை நீட்டினார். அதை ஊன்றிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். டாக்டரம்மா வெயிலில் தலையைக் காட்டிக்கொண்டு, பெட்டியோடு பின்னால் போனார். மாமியாரும் நாத்தனாரும் நானும் தெருவில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தெருமுனையில் மாமா நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி! வந்தா பசிக்கும். அந்தச் சப்புன்னு இருக்கற கஞ்சியையே காய்ச்சி வை. நெறைய வை."